உங்கள் கடைக்குரிய இலக்கம் எது?

மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் இரத்தினபுரி நகர வர்த்தகரின் வேலையே மாறிவிடும். வியாபாரத்தைப் பார்ப்பதை விட வாசலைப் பார்ப்பதுதான் அதிகம். களு கங்கை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவர ஓர் ஆளை அனுப்புவார். பள்ளத்துக் கடைக்காரரிடம் தொலைபேசியில் விசாரிப்பார். சீனிச் சாக்குகளை மேலே ஏற்றுவதா, இன்னும் ஒரு மணித்தியாலம் பொறுத்துப் பார்ப்பதா என்று யோசிப்பார். யோசித்து முடிவதற்குள் தண்ணீர் வாசற்படியில் வந்து நிற்கும்.

ஏற்றிய பிறகு தண்ணீர் வராவிட்டால் கூலி நட்டம். ஏற்றாமல் இருந்து தண்ணீர் வந்துவிட்டால் முதலே நட்டம். நமது தந்தையர் காலத்தில் இந்தத் தீர்மானத்தை அனுபவத்தை மட்டும் நம்பி எடுக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று நமக்கு இருக்கிறது. ஆற்றின் மட்டமும், மலையில் பெய்த மழையின் அளவும், எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் மண்சரிவு அபாயம் என்பதும் அரச நிறுவனங்களின் இணையத்தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரத்தினக்கல் விலையையும் டொலர் விலையையும் காலையில் கைத்தொலைபேசியில் பார்க்கும் நாம், நமது கடையை மூழ்கடிக்கப் போகும் தண்ணீரின் அளவை மட்டும் ஏன் பார்ப்பதில்லை?

மே மாதத்தின் கணக்கு

சப்ரகமுவ மாகாணத்துக்கு இது புதிய கதையல்ல. 2003 மே 17 ஆம் திகதி பெய்த பெருமழையில் இரத்தினபுரி நகரம் மூழ்கியது. சுற்றுப்புற மலைகள் சரிந்தன. அந்த அனர்த்தத்தில் நாடு முழுவதும் சுமார் 250 பேர் உயிரிழந்தனர். சரியாகப் பதின்மூன்று ஆண்டுகளின் பின், 2016 மே 17 ஆம் திகதி, கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மண்ணில் புதைந்தனர். அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் லயன் அறைகள் மீது மண் சரிந்தது. அங்கு மாண்டவர்கள் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மறு வருடம், 2017 மே மாதக் கடைசி வாரத்தில், களு கங்கை மீண்டும் பெருகியது. அந்தத் தடவையும் நாட்டில் 200 பேருக்கு மேல் இறந்தனர்.

மூன்றும் மே மாதம். அதனால் மே மாதத்தைத் தாண்டிவிட்டால் அந்த வருடம் தப்பித்தோம் என்ற ஒரு நம்பிக்கை நம்மிடையே வளர்ந்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் அந்த நம்பிக்கையையும் உடைத்தது. கண்டி, பதுளை, நுவரெலியா, கேகாலை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. 600 பேருக்கு மேல் உயிரிழந்தனர். கட்டடங்கள், வீதிகள், பயிர்கள் முதலியவற்றுக்கு ஏற்பட்ட நேரடிச் சேதம் மாத்திரம் 410 கோடி அமெரிக்க டொலர் என உலக வங்கி மதிப்பிட்டது. இனி மழைக்கு மாதம் பார்த்து ஆயத்தம் செய்ய முடியாது. அளவைப் பார்த்துத்தான் ஆயத்தம் செய்ய வேண்டும்.

ஆற்றங்கரைக் கடைக்கு ஓர் இலக்கம்

நீர்ப்பாசனத் திணைக்களம் நாட்டின் முக்கிய ஆறுகளில் நீர்மானிகளை வைத்து மட்டத்தை அளக்கிறது. அந்த அளவுகள் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இணையத்தளத்திலும் ஒரு நாளில் பல தடவைகள் வெளியாகின்றன. இரத்தினபுரி நீர்மானிக்கு மூன்று மட்டங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. 5.2 மீற்றர் என்றால் விழிப்பாக இருக்க வேண்டிய மட்டம். 7.5 மீற்றர் என்றால் சிறு வெள்ளம். 9.5 மீற்றர் என்றால் பெரு வெள்ளம். களனி கங்கைப் பக்கத்தில் கித்துல்கல, தெரணியகலை, ஹொலம்புவ ஆகிய இடங்களிலும் நீர்மானிகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு மட்டங்கள்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். நீர்மானியில் 7.5 மீற்றர் என்றால் உங்கள் கடைக்குள் 7.5 மீற்றர் தண்ணீர் என்று பொருளல்ல. அது ஆற்றில் உள்ள அளவு. உங்கள் கடையின் தரை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது வேறு கணக்கு. ஒருவரின் வாசலுக்கு 7 மீற்றரிலேயே தண்ணீர் வந்துவிடலாம். இன்னொருவர் 9 மீற்றர் வரை நிம்மதியாக வியாபாரம் செய்யலாம். அந்த அளவுதான் உங்கள் கடைக்குரிய இலக்கம். அது எந்த இணையத்தளத்திலும் இல்லை. நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது கடினமல்ல. உங்கள் கடைச் சுவரிலோ பக்கத்துக் கடைச் சுவரிலோ பழைய வெள்ளத்தின் அடையாளம் இருக்கும். அது எந்த வருடம், எந்தத் திகதி என்பது வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். அந்த நாளில் நீர்மானி காட்டிய அளவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்திலோ மாவட்டச் செயலகத்தில் உள்ள அனர்த்த முகாமைத்துவப் பிரிவிலோ கேட்டறியலாம். அடுத்த தடவை தண்ணீர் ஏறும்போது, அது உங்கள் வீதிக்கு வந்த நேரத்தையும் அந்த நேரத்தில் நீர்மானி காட்டிய அளவையும் எழுதி வையுங்கள். இரண்டு மழைக்காலம் எழுதினால் போதும். பிறகு, எந்த அளவில் கீழ்த் தட்டைக் காலி செய்வது, எந்த அளவில் கதவை மூடிக்கொண்டு வெளியேறுவது என்று இரண்டு இலக்கங்களைக் கல்லாப்பெட்டிக்கு மேலே எழுதி ஒட்டிவிடலாம். முதலாளி ஊரில் இல்லாவிட்டாலும் கடைப் பையன் அதைப் பார்த்து வேலையைத் தொடங்குவான்.

"வீணாக ஏற்றி இறக்கினால் கூலி யார் கொடுப்பது?" என்று கேட்பவர்கள் உண்டு. அதையும் கணக்காகவே பார்ப்போம். உதாரணத்துக்கு, ஒரு பலசரக்குக் கடையின் கீழ்த் தட்டில் ஐந்து இலட்சம் ரூபாய்ச் சரக்கு இருக்கிறது, அதை ஏற்றி இறக்கப் பத்தாயிரம் ரூபாய் செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். பத்துத் தடவை வீணாக ஏற்றினாலும் செலவு ஒரு இலட்சம்தான். பதினோராவது தடவை தண்ணீர் வந்தால் மிஞ்சுவது ஐந்து இலட்சம். தண்ணீர் வராத நாளில் கொடுத்த கூலியை நட்டம் என்று எழுதக்கூடாது. காப்புறுதிக் கட்டணம் போல அதுவும் வியாபாரச் செலவுதான்.

மலையடிவாரத்துக்கு மூன்று இலக்கங்கள்

ஆற்றங்கரைக் கடை போலல்ல மலையடிவாரக் கடை. தண்ணீர் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். மண் சரிவதைப் பார்த்துவிட்டு ஓட நேரமிராது. அதனால் அங்கே மழையின் அளவுதான் எச்சரிக்கை.

இந்தப் பொறுப்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துடையது. மலைநாட்டில் தன்னியக்க மழைமானிகளை வைத்து, பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மூன்று நிறங்களில் அது எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், அதாவது அவதானமாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் செம்மஞ்சள், புறப்படத் தயாராக இருக்க வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினால், சிவப்பு. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். கடையா உயிரா என்று யோசிக்கும் நேரம் அதுவல்ல. எந்தச் சரிவுகள் அபாயமானவை என்பதைக் காட்டும் வரைபடங்களையும் அதே நிறுவனம் தயாரித்திருக்கிறது. புதிதாகக் களஞ்சியம் கட்ட நினைப்பவர்கள் காணிக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது அந்த வரைபடத்தைத்தான்.

மழையை அளக்க இணையத்துக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. நம் கடைகளில் வெறும் பால்மாத் தகரங்களுக்குப் பஞ்சமில்லை. பக்கங்கள் நேராக உள்ள ஒரு தகரத்தை, மரமும் கூரையும் மறைக்காத வெளியில், சாயாமல் வையுங்கள். காலை எட்டு மணிக்கு ஓர் அடிமட்டத்தை உள்ளே விட்டுப் பாருங்கள். பத்து சென்ரிமீற்றர் தண்ணீர் என்றால் 100 மில்லிமீற்றர் மழை. அளவை எழுதிவிட்டுத் தகரத்தைக் கவிழ்த்து மீண்டும் வையுங்கள். கடும் மழை நாளில் காலைவரை பொறுக்காமல் இடையிடையே பாருங்கள். தகரம் பதினைந்து சென்ரிமீற்றரை நெருங்கினால் யாருடைய அறிவித்தலுக்கும் காத்திருக்க வேண்டாம். தகரம் குறைவாகக் காட்டினாலும், நிலத்தில் புதிய வெடிப்பு, மரமோ மின்கம்பமோ சாய்தல், ஊற்று திடீரென்று வற்றுதல் அல்லது புதிய ஊற்று கலங்கலாகக் கிளம்புதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் இடத்தை விட்டு விலகிவிட வேண்டும்.

கடன் கொப்பியும் லயன் அறையும்

இதுவரை சொன்னது நமது கடையைப் பற்றி. ஆனால் சப்ரகமுவவில் நமது வியாபாரம் கடையோடு முடிவதில்லை. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, எஹலியகொட, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை என்று எந்த ஊரை எடுத்தாலும் நமது பலசரக்கு, புடைவைக் கடைகளின் நிலையான வாடிக்கையாளர்கள் தோட்டத்து மக்கள். சம்பள நாளில் தீர்க்கும் கணக்கு கடன் கொப்பியில் இருக்கிறது. மழை நாளில் பால் வெட்டு இல்லை. கொழுந்தும் குறைவு. வருமானம் குறைய, கடன் ஏறும். ஆகவே மழை உச்சத்தில் இருக்கும் நாளில்தான் நமது பணம் அதிகமாகத் தோட்டத்துக்குள் இருக்கிறது.

அந்தப் பணத்தை விட்டுவிடுவோம். "நானா, மழை விடுமா?" என்று கடைவாசலில் நின்று கேட்கும் அந்த அம்மாவுக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம்? "அல்லாஹ்தான் அறிவான்" என்கிறோம். அது உண்மைதான். ஆனால் அவர் வசிக்கும் பிரிவுக்குச் செம்மஞ்சள் எச்சரிக்கை விடப்பட்டிருப்பது நமது கையிலுள்ள தொலைபேசியில் இருக்குமானால், அதையும் சொல்வதல்லவா முறை? பல லயன்கள் சரிவின் அடியிலேயே நிற்கின்றன. அதில் வாழும் குடும்பத்துக்கு வேறு வீடு இல்லை. வெளியேறச் சொன்னால் எங்கே போவது என்ற கேள்வியும் இருக்கிறது. ஆனாலும் மாலை ஐந்து மணிக்குச் செய்தி கிடைத்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாடசாலைக்கோ கோயிலுக்கோ போய் இரவைக் கழிக்கலாம். நள்ளிரவில் கிடைக்கும் செய்தியால் பயனில்லை.

மொழி என்ற மதில்

தோட்டத்து மக்களுக்கு எச்சரிக்கை ஏன் நேரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை என்பதற்கு ஒரு காரணம் மொழி. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. ஆயினும் டித்வா புயலின்போது அரச எச்சரிக்கைகளும் அறிவித்தல்களும் தமிழில் குறைவாகவும் தாமதமாகவும் வந்தன என்ற குற்றச்சாட்டு ஊடகங்களில் பரவலாக எழுந்தது. இணையத்தளத்தில் தமிழ்ப் பக்கம் என்று ஒன்று இருப்பது போதாது. சிங்களத்தில் வரும் அதே நிமிடத்தில் தமிழிலும் வர வேண்டும். மண் சரிவது மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருக்காது. இதை நமது வர்த்தக சங்கங்கள் எழுத்து மூலம் கேட்க வேண்டும். மாவட்ட அபிவிருத்திக் கூட்டங்களிலும் மக்கள் பிரதிநிதிகள் மூலம் எழுப்ப வேண்டும்.

அதுவரை இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர்கள் யார்? இம்மாகாணத்து முஸ்லிம் வர்த்தகர்களில் பெரும்பாலோருக்கு சிங்களமும் தெரியும், தமிழும் தெரியும். காலையில் பிரதேச செயலகத்திலும் மாலையில் தோட்டத்துப் பாதையிலும் பேசிப் பழகியவர்கள் நாம். இந்த இருமொழி அறிவால்தான் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வியாபாரம் செய்கிறோம். அதே அறிவை ஓர் எச்சரிக்கையை வாசித்து நாலு வரித் தமிழில் சொல்வதற்குப் பயன்படுத்த எந்தச் செலவும் இல்லை.

எச்சரிக்கையை மனிதர் வாயால் கொண்டுசேர்த்து உயிர்களைக் காத்த நாடு ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. இன்றைய பங்களாதேஷில் 1970 ஆம் ஆண்டுப் புயலில் குறைந்தது மூன்று இலட்சம் பேர் மாண்டனர். 1972 இல் அங்கு தொண்டர் அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது. இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் கொடியோடும் ஒலிபெருக்கியோடும் வீடு வீடாகப் போகிறார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளும் சேர்ந்துகொள்கின்றன. 2007 இல் வந்த சித்ர் புயல் மிகக் கடுமையானதாக இருந்தும், இறந்தோர் தொகை சில ஆயிரங்களோடு நின்றது. அதன் பின்வந்த புயல்களில் அது இன்னும் குறைந்தது. எச்சரிக்கை வானொலி நிலையத்திலும் அலுவலகத்திலும் தங்கிவிடாமல் கடைசி வீட்டுக்கும் போனதுதான் முக்கிய காரணங்களில் ஒன்று.

வதந்தியும் மின்வெட்டும்

இரண்டு எச்சரிக்கைகளை இங்கே சொல்லியாக வேண்டும். முதலாவது வதந்தி. மழை நாளில் வட்ஸ்அப்பில் அணை உடைந்துவிட்டது என்று ஒரு குரல்பதிவு வரும். எந்த வருடத்துப் படம் என்று தெரியாத படமும் வரும். எந்தத் திணைக்களம் வெளியிட்டது, எத்தனை மணிக்கு வெளியிட்டது என்ற இரண்டும் இல்லாத செய்தியை யாருக்கும் அனுப்பக்கூடாது. சந்தேகமிருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை அழைத்துக் கேட்கலாம். ஒரு பொய்ச் செய்தியை நம்பிக் கடையைக் காலி செய்தவர், அடுத்த தடவை உண்மைச் செய்தியையும் நம்பமாட்டார்.

இரண்டாவது, இணையம் எப்போதும் இருக்கும் என்று நம்பி இருந்துவிடக்கூடாது. டித்வாவின்போது மலைநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் நின்றுபோயின. இணையம் பயன்படுவது தண்ணீர் வருவதற்கு முந்திய நாளில். அன்றைக்கே தொலைபேசிகளுக்கு மின்னேற்றி, பற்றரியில் இயங்கும் வானொலி ஒன்றைத் தயார்செய்து, தேவையான தொலைபேசி இலக்கங்களைத் தாளில் எழுதிவைக்க வேண்டும். அதற்குப் பிறகு பால்மாத் தகரமும் வாய்ச் செய்தியும்தான் துணை.

கணக்கைக் காப்பாற்றுங்கள்

வெள்ளத்துக்குப் பிறகு பல வியாபாரிகள் எழும்ப முடியாமற் போவதற்குச் சரக்கு இழப்பு மாத்திரம் காரணமல்ல. கடன் கொப்பி நனைந்து போய்விடுகிறது. யார் எவ்வளவு தர வேண்டும் என்பது தெரியாது. நட்டஈடு கேட்கப் போனால் என்ன சரக்கு இருந்தது என்பதற்கு ஆதாரமில்லை. இதற்கும் மருந்து கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு இரவும் கடையை மூடுமுன் கடன் கொப்பியின் அன்றைய பக்கத்தைத் தொலைபேசியில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ சகோதரருக்கோ அனுப்பிவிடுங்கள். மாதம் ஒரு தடவை தட்டுகளையும் களஞ்சியத்தையும் படமெடுத்து வையுங்கள். வியாபாரப் பதிவுச் சான்றிதழ், காணி உறுதி, கொள்முதல் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றின் பிரதியும் வேறு ஊரில் ஓரிடத்தில் இருக்கட்டும்.

காப்புறுதியோ தகாபுலோ வைத்திருப்பவர்கள் தமது பத்திரத்தை இன்றிரவே எடுத்து ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். தீக்கு எடுத்த பத்திரம் வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் தானாகப் பொருந்தாது. அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். மழை தொடங்கிய பின் சேர்க்கவும் முடியாது. 2016 இல் அரசாங்கம் அறிமுகப்படுத்திய தேசிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம் வீடுகளோடு சிறு வியாபாரங்களையும் உள்ளடக்கி, உச்ச எல்லையாக 25 இலட்சம் ரூபாயை வைத்திருந்தது. இவ்வாறான திட்டங்களின் விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவதால், இப்போது எது நடைமுறையில் உள்ளது, என்ன பத்திரங்கள் தேவை என்பதைப் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது.

அடுத்த மழைக்கு முன்

ஒவ்வொரு ஊரிலும் வர்த்தக சங்கமும் பள்ளிவாசல் நிருவாகமும் சேர்ந்து செய்யக்கூடிய ஒரு சிறிய ஏற்பாட்டை முன்வைத்து முடிக்கிறேன். தொலைபேசியை நன்றாகக் கையாளும் இளைஞர்கள் இருவரை ஊருக்கு ஊர் தெரிவு செய்யுங்கள். மழைக்காலத்தில் காலையும் மாலையும் ஆற்று மட்டம், மழையளவு, மண்சரிவு எச்சரிக்கை ஆகிய மூன்றையும் அவர்கள் பார்க்கட்டும். திணைக்களத்தின் பெயரையும் நேரத்தையும் குறிப்பிட்டுத் தமிழிலும் சிங்களத்திலும் நாலு வரி எழுதட்டும். அது கடைக்காரர்களுக்கும், அருகிலுள்ள தோட்டங்களின் தலைவர்மாருக்கும், கோயில், விகாரை நிருவாகங்களுக்கும், கிராம உத்தியோகத்தருக்கும் போகட்டும். கடைவாசலில் ஒரு கரும்பலகையில் அதே வரிகளை எழுதி வைக்கலாம். பொருள் வாங்க வருபவர் வாசித்துக்கொண்டு போவார். வாசிக்கத் தெரியாதவருக்கு நாம் வாசித்துச் சொல்லலாம்.

வெள்ளம் வந்த மறுநாள் சமைத்த உணவுப் பொதிகளோடு முதலில் ஓடுபவர்கள் நமது வர்த்தகர்கள். 2003 இலும், 2016 இலும், 2017 இலும், 2025 இலும் கொடுத்த கைகள் அவை. அந்தக் கொடை பெரியதுதான். ஆனால் முதல் நாள் மாலையில் சொல்லும் ஒரு வரி, மறுநாள் கொடுக்கும் நூறு பொதிகளை விடப் பெரியதாக இருக்கலாம். அந்த வரியைச் சொல்ல, முதலில் நமக்கு நமது இலக்கம் தெரிந்திருக்க வேண்டும். இந்த வாரமே சுவரிலுள்ள பழைய அடையாளத்திலிருந்து தொடங்குங்கள்.